செஸ் ஓப்பனிங்: மனப்பாடம் முடிந்ததும் என்ன செய்வது?

1988-ஆம் ஆண்டு, சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் நடந்த போட்டி. கொலம்பியாவின் அலோன்சோ சபாட்டாவுக்கு எதிராகக் கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தார் விஸ்வநாதன் ஆனந்த். அப்போது அவருக்கு வயது 18. முந்தைய ஆண்டு உலக ஜூனியர் சாம்பியன். இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் என்ற பெருமையும் வந்து சேர்ந்திருந்த நேரம். அன்றைய ஆட்டம் ஆறே நகர்த்தலில் முடிந்துபோனது. சபாட்டா தன் ராணியை எடுத்து ராஜாவுக்கு முன்னால் இருந்த கட்டத்தில் வைத்தார். ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆடப்பட்டது பெட்ராஃப் டிஃபென்ஸ் என்ற ஓப்பனிங். ஆனந்தின் குதிரை, வெள்ளையின் சிப்பாயை வெட்டிவிட்டு பலகையின் நடுவில் நின்றது. அதற்குக் காவலாக ஐந்தாவது நகர்த்தலில் பிஷப்பைக் கொண்டுவந்தார். பார்வைக்கு ரொம்ப இயல்பான நகர்த்தல். ஆனால் வெள்ளை ராணி நேர்க்கோட்டில் வந்து நின்றதும் குதிரை சிக்கிக்கொண்டது. பின்னால் கறுப்பு ராஜா நிற்பதால் விதிப்படி அது அசையவே முடியாது. அசையாமல் நின்றால், அடுத்து ஒரு சிப்பாயைத் தள்ளி அதை அடிக்கலாம். கறுப்பு எதைச் செய்தாலும் ஒரு காய் போகும்.

ஆனந்த் ஏன் அந்த பிஷப்பை அங்கே வைத்தார்? அதற்கு முந்தைய ஆண்டு இங்கிலாந்தின் டோனி மைல்ஸும் அமெரிக்காவின் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் இதே நிலை வந்திருந்தது. இருவருமே கிராண்ட்மாஸ்டர்கள். மைல்ஸ் ராணியை அங்கே நகர்த்தவில்லை, ஆட்டம் டிரா. அந்த ஆட்டம் அச்சில் வந்தது, ஆனந்த் படித்தார், நம்பி அப்படியே ஆடினார். அச்சில் வந்த நகர்த்தலுக்குப் பின்னால் இருந்த ஓட்டை சபாட்டாவின் கண்ணில் பட்டுவிட்டது.

பின்னாளில் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனவருக்கே இது நடந்தது என்றால், செஸ் வகுப்பில் சேர்ந்து சில மாதமே ஆன குழந்தைக்கு, அலுவலகம் முடிந்து வந்து கைபேசியில் ஆடும் நாற்பது வயதுக்காரருக்கு, மனப்பாடம் செய்த நகர்த்தல்கள் எவ்வளவு தூரம் துணைக்கு வரும்?

இந்தக் கேள்வி இன்று தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான வீடுகளின் கேள்வி. 2022-இல் மாமல்லபுரத்தில் 44-வது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். தெருவுக்குத் தெரு செஸ் வகுப்புகள். வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் கேட்கும் முதல் கேள்வி, “எந்த ஓப்பனிங் சொல்லித் தருவீங்க?” என்பதுதான். யூடியூபைத் திறந்தால் பத்தே நகர்த்தலில் ஜெயிக்க வைக்கும் ரகசியம் என்று வீடியோக்கள் வரிசை கட்டுகின்றன. மாவட்ட அளவிலான ஒன்பது வயதுக்குட்பட்டோர் போட்டி ஏதாவது ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். முதல் ஐந்தாறு நகர்த்தல்களைக் குழந்தைகள் மின்னல் வேகத்தில் ஆடுவார்கள். ஏழாவதில் எதிராளி பாடத்தில் இல்லாத ஒன்றை ஆடியதும் கை நின்றுவிடும். முகத்தில் குழப்பம் வரும். அடுத்த இரண்டு நகர்த்தலுக்குள் ஒரு குதிரையோ பிஷப்போ சும்மா போய்விடும்.

குழந்தை மீது தவறில்லை. சொல்லிக்கொடுத்த முறை அப்படி.

கணக்கைப் பாருங்கள். ஆட்டத்தின் முதல் நகர்த்தலுக்கு வெள்ளைக்கு 20 வழிகள். கறுப்பும் ஒருமுறை ஆடியதும் 400. வெள்ளை இரண்டாவது முறை ஆடினால் 8,902. கறுப்பும் இரண்டாவது முறை ஆடி முடித்தால் 1,97,281. ஆளுக்கு இரண்டே நகர்த்தல்தான் ஆகியிருக்கிறது! இதில் உருப்படியானவற்றை மட்டும் தொகுத்து யுகோஸ்லாவியாவின் செஸ் இன்ஃபர்மேட்டர் பதிப்பகம் 1970-களில் ஓர் ஓப்பனிங் கலைக்களஞ்சியம் வெளியிட்டது. ஐந்து தொகுதிகள், ஓப்பனிங்குகளைப் பிரித்து 500 எண்கள். ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் கிளை, கிளைக்குள் கிளை. இதை மனப்பாடத்தால் பிடிக்க நினைப்பது ஆகிற காரியமில்லை. கிராண்ட்மாஸ்டர்கள் நிறைய மனப்பாடம் செய்கிறார்கள்தான். ஆனால் அவர்களுக்கு எதிரே உட்காருபவரும் அதே பாடத்தைப் படித்தவர். ஆரம்பநிலை ஆட்டத்தில் மூன்றாவது நான்காவது நகர்த்தலிலேயே எதிராளி பாடத்தை விட்டு இறங்கிவிடுவார். அதனால் ஆரம்பநிலைக்காரருக்குத் தேவை நகர்த்தலின் காரணம். காரணம் தெரிந்தவர், எதிராளி எதை ஆடினாலும் அடுத்து என்ன என்று யோசிக்க முடியும்.

காரணத்தோடு படிப்பது எப்படி என்பதை ஒரே ஒரு ஓப்பனிங்கை எடுத்துப் பார்த்துவிடலாம். இத்தாலியன் கேம். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இத்தாலிய ஆட்டக்காரர்கள் ஆராய்ந்த ஓப்பனிங் இது. இன்றைக்கும் உலக சாம்பியன்ஷிப் மட்டத்தில் ஆடப்படுகிறது. கட்டங்களின் பெயரைப் பழகாதவர்களுக்கு ஒரு குறிப்பு: வெள்ளை பக்கம் உட்கார்ந்து பார்த்தால், இடமிருந்து வலமாக நேர்வரிசைகள் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச். கீழிருந்து மேலாக 1 முதல் 8. ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் இன்னும் நல்லது.

வெள்ளை, ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-இல் வைக்கிறது. ஏன்? பலகையின் நடுவில் நான்கு கட்டங்கள் உண்டு: டி4, இ4, டி5, இ5. நடுவில் நிற்கும் குதிரை எட்டுக் கட்டங்களைத் தாக்கும். மூலையில் நிற்கும் குதிரை இரண்டைத்தான் தாக்கும். நடு நம் கையில் இருந்தால் காய்கள் எந்தப் பக்கமும் சீக்கிரம் போகலாம். தவிர, இந்த ஒரே நகர்த்தலில் பிஷப்புக்கும் ராணிக்கும் வழி திறக்கிறது. கறுப்பும் அதே காரணத்துக்காக இ5 ஆடுகிறது.

இரண்டாவது, வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வருகிறது. இது வெறுமனே காயை வெளியே கொண்டுவருவது மட்டுமில்லை; இ5 சிப்பாயைத் தாக்குகிறது. கறுப்பு அதைக் காக்க வேண்டும். எதைக் கொண்டு? இங்கேதான் ஆரம்பநிலைக்காரரின் முதல் சோதனை. எஃப்6-இல் ஒரு சிப்பாயை வைத்துக் காக்கலாமே என்று தோன்றும். 1512-இல் ரோமில் செஸ் புத்தகம் வெளியிட்ட போர்ச்சுகீசியர் டமியானோ, இது மோசமான நகர்த்தல் என்று அப்போதே எழுதிவிட்டார். பாவம், அந்த மோசமான நகர்த்தலுக்கே அவர் பெயர் நிலைத்துவிட்டது! என்ன ஆகும் பாருங்கள். வெள்ளைக் குதிரை இ5 சிப்பாயை வெட்டும். கறுப்பு சிப்பாய் குதிரையை வெட்டினால், வெள்ளை ராணி எச்5-க்கு வந்து செக். ஜி6-இல் சிப்பாயை வைத்து மறைத்தால், ராணி இ5-ஐ வெட்டி ஒரே நேரத்தில் ராஜாவுக்கு செக் வைத்து மூலை யானையையும் தாக்கும். ராஜா இ7-க்கு ஓடினால் ராணியும் பிஷப்பும் துரத்தும். எஃப்6 சிப்பாய் மூன்று கெடுதல் செய்தது: ராஜாவுக்குப் பக்கத்துச் சாய்கோட்டைத் திறந்தது, குதிரைக்கு உரிய நல்ல இடத்தை அடைத்தது, எந்தக் காயையும் வெளியே கொண்டுவரவில்லை.

ராணியை எஃப்6-இல் வைத்துக் காத்தாலும் குதிரையின் இடம் அடைபடும். ராணி இ7 என்றால் பிஷப்பின் வழி அடைபடும். டி6 சிப்பாய் தவறில்லை. அது ஃபிலிடார் டிஃபென்ஸ். ஆனால் கறுப்பு பிஷப்பைக் கொஞ்சம் உள்ளே பூட்டிவிடும். குதிரை சி6 என்றால் காவலும் ஆச்சு, ஒரு காய் வெளியே வந்ததும் ஆச்சு, டி4 கட்டத்தின் மேல் கண்ணும் ஆச்சு. மற்றவை ஏன் கூடாது என்று தெரிந்தால் குதிரை சி6-ஐ மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை; அதுவாகவே மனதில் நிற்கும்.

மூன்றாவது, வெள்ளை பிஷப் சி4. அதன் பார்வை எஃப்7 மேல். கறுப்பின் பக்கம் ஆட்டத் தொடக்கத்தில் மிகவும் பலவீனமான கட்டம் அதுதான். ராஜாவைத் தவிர வேறு எந்தக் காயும் அதைக் காப்பதில்லை. வெள்ளைக்கு அதே நிலை எஃப்2-இல். கறுப்பும் பிஷப்பை சி5-இல் வைத்து எஃப்2-ஐப் பார்க்கிறது. நான்காவது, வெள்ளை சி3. இந்தச் சின்னச் சிப்பாய் எதற்கு? அடுத்து டி4 தள்ளினால் கறுப்பு வெட்டும். அப்போது சி3 சிப்பாயால் திருப்பி வெட்டி நடுவில் இரண்டு சிப்பாய்களைச் சேர்த்து நிறுத்தலாம். அது புரிந்த கறுப்பு சும்மா இருக்காது. குதிரையை எஃப்6-க்குக் கொண்டுவந்து இ4-ஐத் தாக்கும். வெள்ளை டி3 ஆடி இ4-ஐக் காக்கும். நடுவில் பாய்வதைத் தள்ளிப்போட்டு நிதானமாகக் காய்களைக் கூட்டும் வழி இது. கறுப்பும் டி6. பிறகு இரு பக்கமும் கோட்டை கட்டும்.

அதற்குப் பிறகுதான் இத்தாலியன் கேமின் அழகு. வெள்ளையின் மற்றக் குதிரை டி2-க்குப் போய், எஃப்1-க்குத் திரும்பி, ஜி3-க்கு ஏறும். மூன்று நகர்த்தல் செலவழித்து ஒரு குதிரை ஊரைச் சுற்றி வருவானேன்? ஜி3-இலிருந்து எஃப்5-ஐப் பிடிக்கலாம். கறுப்பு ராஜாவுக்கு அருகில் அது ஒரு பொன்னான இடம். யானை இ1-க்கு நகர்வது இ4-க்குக் காவல் கொடுக்க மட்டுமில்லை, எஃப்1-ஐ குதிரைக்குக் காலி செய்யவும்தான். கறுப்பு ஏன் ஏ6 ஆடுகிறது? சி5 பிஷப் துரத்தப்பட்டால் ஏ7-க்குப் பின்வாங்க இடம் வேண்டும். இப்படி ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம் கேட்டுப் படித்த குழந்தை, எதிராளி ஏழாவது நகர்த்தலில் புதிதாக எதையாவது செய்தால் கை நிறுத்த வேண்டியதில்லை. அவர் இ4-ஐத் தாக்குகிறாரா? எஃப்5-ஐத் தடுக்கிறாரா? எதுவும் இல்லையென்றால் நம் குதிரை தன் பயணத்தைத் தொடரட்டும்.

பொறிகள் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்தது நான்கு நகர்த்தல் மேட்: இரண்டாவது நகர்த்தலிலேயே ராணி எச்5, பிறகு பிஷப் சி4, எஃப்7-இல் மேட். இதற்குப் பதில் எளிது. குதிரை சி6-இல் நின்று இ5-ஐக் காக்கும். பிஷப் சி4 வந்ததும் ஜி6 ஆடி ராணியைத் துரத்துங்கள். ராணி எஃப்3-க்கு வந்து மறுபடி எஃப்7-ஐப் பார்க்கும். குதிரையை எஃப்6-இல் வைத்து மறையுங்கள். முடிந்தது. வெள்ளை ராணி இரண்டு முறை ஓடிவிட்டது, தன் குதிரையின் இடத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அடுத்து ஃப்ரைடு லிவர் என்ற தாக்குதல். இத்தாலியனில் கறுப்பு மூன்றாவது நகர்த்தலாக பிஷப்புக்குப் பதில் குதிரையை எஃப்6-இல் வைத்தால், வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்ந்து எஃப்7-ஐ இரண்டு காய்களால் தாக்கும். கறுப்பு டி5 ஆடி பிஷப்பை மறைக்கும், வெள்ளை வெட்டும். இப்போது குதிரையால் திருப்பி வெட்டக் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் வெள்ளைக் குதிரை எஃப்7-இல் தன்னைப் பலி கொடுத்து, ராணி செக் வைத்து, கறுப்பு ராஜாவைப் பலகையின் நடுவுக்கே இழுத்துவிடும். அதற்குப் பதில் குதிரையை ஏ5-க்கு அனுப்பி பிஷப்பைத் தாக்கினால், ஒரு சிப்பாய் போனாலும் கறுப்பின் காய்கள் விறுவிறுவென்று வெளியே வரும்.

பொறியைத் தெரிந்துகொள்ளுங்கள், விழாமல் இருப்பதற்காக. ஜெயிப்பதற்கான வழியாக அதை நம்பினால், அந்தப் பொறியைப் படித்த முதல் எதிராளியிடமே ஆட்டம் நின்றுவிடும். எட்டு வயதுக் குழந்தைக்கு நான்கு நகர்த்தல் மேட்டில் கிடைக்கும் வெற்றி, அந்தக் குழந்தையின் வளர்ச்சியை ஓர் ஆண்டு தள்ளிப்போடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஓப்பனிங்கின் அடிப்படையை ஒரே ஆட்டத்தில் காட்டச் சொன்னால் உலகம் முழுவதும் பயிற்சியாளர்கள் எடுத்து வைப்பது 1858-இல் பாரிஸ் ஆப்பெரா அரங்கின் பெட்டி இருக்கையில் நடந்த ஆட்டம். அமெரிக்காவின் பால் மார்ஃபிக்கு அப்போது 21 வயது. எதிரே பிரன்ஸ்விக் பிரபுவும் ஐசோவார்ட் கோமகனும் கூடிக் கலந்து ஆலோசித்து ஆடினார்கள். ஃபிலிடார் டிஃபென்ஸ். கறுப்பு மூன்றாவது நகர்த்தலிலேயே பிஷப்பை வெள்ளைக் குதிரையின் மேல் ஏவியது, அடுத்ததில் அதைக் குதிரைக்கு மாற்றிக்கொண்டது. மார்ஃபி ஒவ்வொரு நகர்த்தலிலும் ஏறக்குறைய ஒரு காயைப் புதிதாக வெளியே கொண்டுவந்தார், அதுவும் எதையாவது மிரட்டிக்கொண்டே. பதினான்காவது நகர்த்தலில் அவருடைய கடைசி யானையும் ஆட்டத்துக்கு வந்துவிட்டது. பதினாறாவதில் ராணியையே பலி கொடுத்தார். பதினேழாவதில் யானையும் பிஷப்பும் சேர்ந்து மேட். அந்த நேரத்தில் கறுப்பின் ராஜா பக்கத்து பிஷப்பும் மூலை யானையும் பிறந்த இடத்தை விட்டு அசையவே இல்லை. கறுப்பு ராஜாவும் கோட்டை கட்டாமல் அதே இடம். எந்த நூலகத்திலும், எந்தச் செயலியிலும் இந்த ஆட்டம் கிடைக்கும். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு நகர்த்தலிலும் இரு பக்கமும் எத்தனை காய்கள் வெளியே வந்திருக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு மாத வகுப்பின் பாடம் அதில் இருக்கிறது.

“ஓப்பனிங் தெரியாமல் எவ்வளவு தூரம் போக முடியும்?” என்று கேட்பவர்களுக்கு மீர் சுல்தான் கான் நினைவுக்கு வர வேண்டும். பஞ்சாபில் பிறந்தவர். சர் உமர் ஹயாத் கான் என்ற நிலப்பிரபுவின் பணியாளாக இருந்தவர். நம் ஊர்ப் பழைய சதுரங்க விதிகளில் பழகியவர். அந்த விதிகளில் சிப்பாய்க்கு முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாவும் உரிமை இல்லை. ஐரோப்பிய விதிகளையே பெரியவரான பிறகுதான் கற்றார். 1929-இல் இங்கிலாந்து போனார், அந்த ஆண்டே பிரிட்டிஷ் சாம்பியன். 1932, 1933 இரண்டு ஆண்டுகளிலும் மறுபடி சாம்பியன். ஹேஸ்டிங்ஸ் 1930–31 போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கப்பாபிளாங்காவைத் தோற்கடித்தார். ஓப்பனிங் ஏட்டறிவு அவருக்கு மிகக் குறைவு. அது அவருக்குப் பெரிய குறையாகவும் இருந்தது, பல ஆட்டங்களில் தொடக்கத்திலேயே நெருக்கடியில் மாட்டிக்கொண்டு நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் போராடி மீண்டார். ஓப்பனிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலையைப் புரிந்துகொள்ளும் அறிவு இருந்தால் ஓப்பனிங் குறையைச் சமாளிக்க முடியும். அந்த அறிவு இல்லாதவரை எந்த ஓப்பனிங்கும் காப்பாற்றாது. 2024-இல் உலக செஸ் கூட்டமைப்பு அவருக்கு மறைவுக்குப் பின் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது. அது எவ்வளவோ முன்பே வந்திருக்க வேண்டும்.

சரி, ஆரம்பநிலையில் எதை எடுத்துக்கொள்வது? வெள்ளைக்கு இ4, அதில் இத்தாலியன். கறுப்புக்கு, எதிரி இ4 ஆடினால் இ5. டி4 ஆடினால் டி5, பிறகு இ6, குதிரை எஃப்6, பிஷப் இ7 என்று குவீன்ஸ் கேம்பிட் டிக்ளைன்ட். ஆரம்ப ரேட்டிங் வாங்கும்வரை இதற்கு மேல் தேவையில்லை. குவீன்ஸ் கேம்பிட்டில் வெள்ளை சி4-இல் ஒரு சிப்பாயை நீட்டும். வாங்கிக்கொண்டு அதைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியுமா என்று பிள்ளை கேட்டால், முடியாது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், ஆடிக் காட்டுங்கள். கறுப்பு சி4-ஐ வெட்டுகிறது, வெள்ளை இ3, கறுப்பு பி5 வைத்துக் காக்கிறது, வெள்ளை ஏ4 என்று அடிக்கிறது, கறுப்பு சி6, சிப்பாய்கள் வெட்டிக்கொள்கின்றன, வெள்ளை ராணி எஃப்3! நீளச் சாய்கோட்டில் மூலை யானை மாட்டிக்கொண்டது. இதைக் கையால் நகர்த்திப் பார்த்த குழந்தை அந்தச் சிப்பாயைப் பிடித்துத் தொங்காது.

லண்டன் சிஸ்டம் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். எதிராளி எதை ஆடினாலும் டி4, பிஷப் எஃப்4, இ3, குதிரை எஃப்3, சி3 என்று ஒரே கட்டடம் கட்டிவிடலாம். நல்ல ஓப்பனிங், மேக்னஸ் கார்ல்சனே ஆடியிருக்கிறார். வேலைக்குப் போய்க்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று ஆட்டம் ஆடுபவருக்கு வசதிதான். குழந்தைகளுக்கு நான் சொல்ல மாட்டேன். எதிராளியைப் பார்க்காமலேயே ஐந்து நகர்த்தல் ஆடும் பழக்கம் வந்துவிடும். இ4 இ5 ஆட்டங்களில்தான் காய்கள் சீக்கிரம் மோதும், தாக்குதலும் தடுப்பும் ஐந்தாறு நகர்த்தலிலேயே வரும். அந்த மோதலில் பழகாதவர் பிறகு பழகுவது கடினம்.

படிக்கும் முறைக்கு வருகிறேன். ஆடும் ஆட்டத்தை எழுதுங்கள். நீண்ட நேர ஆட்டப் போட்டிகளில் நோட்டேஷன் எழுதுவது கட்டாயம்; வீட்டு ஆட்டத்திலும் எழுதுங்கள். கைபேசியில் ஆடினால் அதுவே சேமித்து வைக்கும். ஆட்டம் முடிந்ததும் முதல் பத்து நகர்த்தலை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்தது முடிந்தது? அங்கே நீங்கள் என்ன நினைத்தீர்கள்? அதை ஒரு வரியில் எழுதுங்கள். அதன் பிறகுதான் புத்தகத்தையோ லிச்செஸ் தளத்தின் ஓப்பனிங் தரவையோ திறக்க வேண்டும், அது இலவசம். பலம் மிக்கவர்கள் அந்த இடத்தில் என்ன ஆடினார்கள் என்று பாருங்கள். ஏன் என்று உங்களுக்குப் புரிந்தால் அதை நோட்டில் சேருங்கள். புரியவில்லை என்றால் பயிற்சியாளரிடம் கேளுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நகர்த்தல் சேர்ந்தால் போதும். நூறு ஆட்டத்தில் நூறு நகர்த்தல், எல்லாம் உங்கள் பலகையில் வந்தவை. யாரோ ஒருவர் வீடியோவில் காட்டிய இருபத்தைந்தாவது நகர்த்தலை விட அவை உங்களுக்கு ஆயிரம் மடங்கு உதவும்.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற எஞ்சினை முதலிலேயே திறக்காதீர்கள். அது +0.4 என்று காட்டும், காரணம் சொல்லாது. குகேஷ் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னாவிடம் படித்த ஆரம்ப ஆண்டுகளில், கிராண்ட்மாஸ்டர் பட்டம் வரும்வரை எஞ்சினைத் தொடாமலேயே பயின்றார் என்பது செஸ் உலகம் அறிந்த செய்தி. அந்தப் பட்டத்தை 12 வயதில் வாங்கினார். சொந்தமாகக் கணக்குப் போடும் வலு அங்கேதான் உருவானது என்பது என் கருத்து. இன்னொன்று: மூன்று நிமிட பிளிட்ஸ் ஆட்டத்தில் ஓப்பனிங் கற்க முடியாது. கை பழகும், மூளை பழகாது. பதினைந்து நிமிடமாவது கொடுக்கும் ஆட்டங்களை ஆடுங்கள்.

எவ்வளவு நேரம்? வாரத்தில் ஆறு மணி நேரம் செஸ்ஸுக்கு ஒதுக்கும் குழந்தைக்கு ஓப்பனிங்குக்கு ஒரு மணி நேரம் தாராளம். மீதி, ஃபோர்க், பின், இரட்டைத் தாக்குதல் என்று புதிர்கள் போடவும் இறுதி ஆட்டம் படிக்கவும். கப்பாபிளாங்கா 1921-இல் எழுதிய பாடப் புத்தகமே எளிய மேட்டுகளிலும் இறுதி ஆட்டத்திலும்தான் தொடங்குகிறது. குறைந்த காய்கள் இருக்கும்போது ஒவ்வொரு காயின் பலமும் தெளிவாகத் தெரியும். அது தெரிந்த பிறகு ஓப்பனிங்கில் எந்தக் காயை எங்கே வைப்பது என்பது சுலபமாகப் புரியும்.

உலக சாம்பியன்ஷிப்பிலேயே இதைப் பார்த்தோம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். குகேஷும் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளியோடு பதினான்காவது ஆட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். இரு அணியிலும் மாதக்கணக்கில் ஓப்பனிங் தயாரிப்பு நடந்திருந்தது. ஆட்டம் யானை, பிஷப், சில சிப்பாய்கள் என்று இறுதிக்கட்டத்துக்கு வந்தபோது டிராவாகத்தான் முடியும் என்று எல்லாரும் நினைத்தார்கள். 55-வது நகர்த்தலில் டிங் யானைகளை மாற்றிக்கொள்ள முன்வந்தார். யானைகள் போயின. உடனே குகேஷ் பிஷப்பையும் மாற்றக் கட்டாயப்படுத்தினார். மிச்சம் ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அந்த நிலையில் கறுப்புக் காய்களோடு ஆடிய குகேஷுக்கு ஜெயம் உறுதி. 58-வது நகர்த்தலில் டிங் ஒப்புக்கொண்டார். ராஜா-சிப்பாய் இறுதி ஆட்டம் எந்த செஸ் வகுப்பிலும் தொடக்கத்திலேயே சொல்லித்தர வேண்டிய பாடம். பல வகுப்புகளில் அது வருவதே இல்லை, ஏனென்றால் பெற்றோர் கேட்பது ஓப்பனிங்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை போட்டியில் தோற்றுவிட்டு வந்ததும், புது ஓப்பனிங் கற்றுத்தரும் பயிற்சியாளரைத் தேடி ஓடாதீர்கள். நோட்டேஷன் தாளை வாங்கிப் பாருங்கள். காய் எங்கே சும்மா போனது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது பத்தாவது நகர்த்தலுக்குப் பிறகுதான் இருக்கும். முதல் பத்துக்குள் இருந்தால், அந்த ஒரு நகர்த்தலின் காரணத்தை அன்று மாலையே பலகையில் வைத்துப் பேசுங்கள். உங்களுக்குச் செஸ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, “இதை ஏன் இங்கே வைத்தாய்?” என்று கேட்கத் தெரிந்தால் போதும். ஒரு பலகையும் ஒரு நோட்டும் இருந்தால் இன்று மாலையே தொடங்கலாம். கட்டணம் கட்டிச் சேரும் ஓப்பனிங் வகுப்பு ஓர் ஆண்டு கழித்து வரட்டும்.